பள்ளி முன்பருவக் குழந்தைகளின் வளர்ச்சிப் பரிசோதனை

பிறந்தது முதல் ஆறு பிராயம் வரையுள்ள குழந்தைகளை, நோயுற்ற வேளையில் மட்டுமன்றி நலமாயிருக்கும் காலத்திலும் குறித்த இடைவெளிகளில் பார்த்து, எடையும் உயரமும் ஒழுங்காக ஏறுகின்றனவா, கழுத்து நிற்பது, உட்காருவது, நடப்பது, பேசுவது, பிறரோடு பழகுவது ஆகியவை உரிய காலத்தில் வருகின்றனவா என்று அறியும் முறையே வளர்ச்சிப் பரிசோதனை எனப்படும். தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலில், ஊரார் இன்றும் பால்வாடி என்றே வழங்கும் அங்கன்வாடிகளில் இது பெரும்பாலும் நடைபெறுகிறது. இதன் சரித்திரத்தை நோக்குவோருக்கு முக்கியமாகப் புலப்படுவது, தராசு முதலில் வந்து இடம்பிடித்துக்கொண்டது என்பதும், குழந்தையின் பேச்சையும் விளையாட்டையும் கவனிக்கும் பகுதி வெகுகாலம் பின்தங்கியே நின்றது என்பதுமாகும்.

குழந்தையின் பருவங்களை மாதக் கணக்கில் வகுத்து நோக்குவது தமிழர்க்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தத்துக்கு இலக்கணம் வகுத்த பாட்டியல் நூலார், இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து அசைந்தாடும் செங்கீரையை ஐந்தாம் மாதத்திலும், அமர்ந்து கைகொட்டும் சப்பாணியை ஒன்பதாம் மாதத்திலும், தளர்நடையிட்டு வரும் வருகையை ஓராண்டு நிறைவை ஒட்டியும் வைத்தனர். மாதங்களில் நூலுக்கு நூல் சிறிது வேறுபாடு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவைகள், ஆதாரமின்றி உட்காருவதற்கு 3.8 முதல் 9.2 மாதம் வரையும், தனித்து நடப்பதற்கு 8.2 முதல் 17.6 மாதம் வரையும் எல்லை வகுக்கின்றன. புலவர்களின் கணக்கு அவ்வெல்லைக்குள்ளேயே அமைந்திருப்பது வியக்கத்தக்கது. எனினும் தெய்வத்தையும் அரசரையும் பாட எழுந்த அவ்விலக்கணத்தில், உரிய மாதத்தில் சப்பாணி கொட்டாத குழந்தையைப் பற்றி யாதொரு விசாரமும் இல்லை.

அந்த விசாரம் மேனாட்டில் தோன்றியது. பாரிஸ் நகரில் பியேர் புதேன் என்னும் வைத்தியர் 1892இல், பிரசவமாகி வீடு திரும்பிய தாய்மார்களை மறுபடியும் அழைத்துச் சிசுக்களை நிறுத்துப் பார்க்கும் வழக்கத்தைத் தொடங்கினார். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்து ஆர்னால்ட் கெசல், ஆரோக்கியமான குழந்தைகள் எந்த மாதத்தில் என்னென்ன செய்கின்றன என்பதை ஆண்டுக்கணக்கில் அவதானித்து அட்டவணைப்படுத்தினார். புதேனின் தராசு விரைவில் உலகெங்கும் சென்றது. கெசலின் அட்டவணையோ நிபுணர் கைகளிலேயே நின்றது. எளிதில் எண்ணாக எழுதத்தக்கதே நிர்வாகத்துக்கு உவப்பானது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் தேட வேண்டுவதில்லை.

சென்னை மாகாணத்தில் 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் தாய் சேய் நலத்தைச் சர்க்காரின் கடமைகளில் ஒன்றாக ஏற்றது. சுதந்திரத்துக்குப் பின் 1953இல் துர்க்காபாய் தேஷ்முக் தலைமையில் அமைந்த மத்திய சமூக நல வாரியத்தின் ஆதரவில் பால்வாடிகள் பெருகின. இதற்கிடையே நைஜீரியக் கிராமங்களில் ஊழியம் செய்த டேவிட் மார்லி என்னும் ஆங்கில மருத்துவர், மாதந்தோறும் குழந்தையின் எடையைப் புள்ளியாக இட்டுக் கோடாக இணைக்கும் அட்டை ஒன்றை வகுத்து, அதை மருத்துவமனையில் பூட்டி வைக்காமல் தாயின் கையிலேயே கொடுத்தார். ஒரு நாளைய எடையைவிட அக்கோடு செல்லும் திசையே முக்கியம் என்னும் அவருடைய கருத்து மிக எளியது. ஆனால் அதன் பலன் மிகப் பெரிது.

அக்கருத்துக்குச் சிறந்த விளைநிலமாய் அமைந்தது தமிழ்நாடே. உலக வங்கியின் உதவியோடு 1980இல் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதம் முதல் மூன்று பிராயம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறத் தவறிய குழந்தைக்கு மட்டும் சத்துணவு உருண்டையைத் தொண்ணூறு நாள் அளித்து, எடை தேறியதும் நிறுத்திவிடும் முறையைக் கைக்கொண்டது. உணவைக் காட்டிலும் பரிசோதனையே திட்டத்தின் உயிர்நாடி என்பது இதனால் விளங்கும். அந்தந்தக் கிராமத்துப் பெண்ணே ஊழியராக அமர்ந்தாள். தொங்கு தராசை வேப்பமரக் கிளையிலோ வீட்டு உத்திரத்திலோ மாட்டி, அழும் பிள்ளையைத் தேற்றி நிறுத்து, அட்டையில் புள்ளியிட்டு, ஏறாத கோட்டைத் தாய்க்குக் காட்டி விளக்கும் பொறுப்பு அவளுடையது. அடுத்த வீட்டுப் பிள்ளை உருண்டை தின்னத் தன் பிள்ளைக்கு இல்லையே என்ற தாயின் மனத்தாங்கலுக்கும் அவளே பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1982 ஜூலை 1ஆம் நாள் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டம், கிராமங்களில் இரண்டு முதல் ஐந்து பிராயத்தார் அனைவருக்குமே உணவளித்தபோது, தேர்ந்தளிப்பதா, எல்லார்க்கும் அளிப்பதா என்ற விவாதம் எழுந்தது. பசிக்கு எல்லார்க்கும் உணவு, தளர்ந்த பிள்ளைக்குத் தனிக் கவனம் என இரண்டும் வேண்டும் என்பதே சரியான விடையாகத் தோன்றுகிறது.

இவற்றுக்கு முன்னரே, 1975 அக்டோபர் 2ஆம் நாள் நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டமே அங்கன்வாடி என்னும் ஸ்தாபனத்தை உண்டாக்கியது. அதன் பெயரிலேயே வளர்ச்சி என்பது இருந்தும், பதிவேடுகளில் எடையே கோலோச்சியது. டென்வர் நகரத்து மருத்துவர்கள் 1967இல் வெளியிட்ட 105 இனங்கள் கொண்ட சோதனையைக் கிராம ஊழியரிடம் கொடுப்பது சாத்தியமன்று. அக்குறையைத் தீர்க்க வழிகண்டவர் நமது அண்டை மாநிலத்தாரான திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தின் டாக்டர் எம்.கே.சி. நாயர். பரோடாவில் இந்தியக் குழந்தைகளுக்கென நிர்ணயித்த அளவைகளிலிருந்து 17 இனங்களை மட்டும் பொறுக்கி, இரண்டு பிராயத்துக்குட்பட்டோருக்கான ஒரு படத்தை அவருடைய குழு 1991இல் வெளியிட்டது. படத்தில் குழந்தையின் மாதத்துக்கு நேராக ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைத்து, அதற்கு இடப்புறமே காலவரம்பு முழுதும் முடிந்துபோன செயல் எதையேனும் குழந்தை இன்னும் செய்யாதிருந்தால் மேற்பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவே. சில நிமிடங்களில் முடியும் இக்காரியத்துக்கு விசேஷ உபகரணம் வேண்டா.

மனவளர்ச்சியும் பேச்சும் சர்க்கார் பரிசோதனையில் முறையாக இடம்பெற்றது 2013 பிப்ரவரியில் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தினால்தான். பிறவிக் குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கு வகையில் முப்பது நிலைகளைக் கண்டறிய, இரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு மருந்தாளுநர் கொண்ட நடமாடும் குழு ஆண்டில் இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும் என்பது அதன் விதி. தமிழக அரசு 2022 மே மாதம் உதகமண்டலத்தில் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டம் எடையோடு உயரத்தையும் அளந்து, மெலிந்த குழந்தைகளைத் தனியே கவனிக்க வகை செய்தது.

கண்டறிந்த பின் என்ன என்ற வினாவுக்குத் தென்காசிச் சீமையிலேயே ஒரு விடை உண்டு. 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விபத்துக்குள்ளாகிக் கழுத்துக்குக் கீழ்ச் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் ஆய்க்குடியில் நிறுவிய அமர் சேவா சங்கத்தின் ஊழியர்கள், வளர்ச்சி தாமதித்த குழந்தைகளின் வீட்டுக்கே சென்று, தாய்க்குப் பயிற்சியளித்து, குழந்தையின் முன்னேற்றத்தைக் கைபேசிச் செயலியில் பதிந்து வருகின்றனர். ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது 2020இல் அறிவிக்கப்பட்டது. இம்முறையின் அருமை, விசைத்தறிக் கூடத்திலும் பூக்கட்டுவதிலும் அன்றாடக் கூலி பெறும் சங்கரன்கோவில் தாய்மார்க்கு நன்கு விளங்கும். மேற்பரிசோதனைக்காக மாவட்ட மருத்துவ மையத்துக்குப் பஸ் ஏறினால் அன்றைய கூலி போயிற்று. ஆகவே பலர் போவதில்லை. ‘ஆம்பளப் பிள்ள மெதுவாத்தான் பேசும், அவங்கப்பனும் அப்படித்தான்’ என்று பாட்டிமார் கூறுவதும் அதற்குத் துணைநிற்கிறது. அவ்வூர்க் கோமதியம்மன் சந்நிதிப் புற்றுமண்ணைப் பிள்ளைக்குப் பூசுவதில் பிழையொன்றும் இல்லை. அத்தோடு நின்றுவிடுவதே பிழை.

ஐந்து மாதமாகியும் கழுத்து நிற்காத, பத்து மாதமாகியும் உட்காராத, ஓராண்டாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத, ஒன்றரை ஆண்டாகியும் நடக்காத, இரண்டாண்டாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தை இருப்பின், மருத்துவக் குழு வரும் நாளுக்குக் காத்திராமல் பெற்றோர் அங்கன்வாடி ஊழியரிடமோ கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ உடனே தெரிவிக்க வேண்டும். இப்பரிசோதனைக்குக் கட்டணம் ஏதுமில்லை.