இடித்தவர்களின் நகரில் எஞ்சிய வீடுகள்

பலெர்மோவின் லிபேர்த்தா வீதி வழியாக நாளாந்தம் வேலைக்குச் செல்லும் எம்மவர்கள் பலர். குறோச்சி சதுக்கத்தின் அருகே, உயர்ந்த தொடர்மாடிகளுக்கு நடுவில், ஒரு வெற்றுக் காணியை அவர்கள் கண்டிருப்பர். பல தசாப்தங்களாக அது வாகனத் தரிப்பிடமாகவே பயன்பட்டு வந்தது. நகரின் விலை கூடிய பகுதியில் இத்தகைய காணி எவ்வாறு வெறுமையாகக் கிடந்தது என்று நாமும் வியந்ததுண்டு.

அவ்விடத்தில் நின்றது டெலியெல்லா மாளிகை. அதனை வரைந்தவர் ஏர்னெஸ்தோ பசீலே. நகரின் பெரும் இசையரங்கான மாசிமோ அரங்கைத் தந்தை தொடங்கிவைக்க, அதனைக் கட்டிமுடித்த மைந்தர் இவரே. 1909-ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற அம்மாளிகை, அக்காலச் சிசிலியக் கட்டடக்கலையின் சிறந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக எண்ணப்பட்டது. 1959 நவம்பர் 28, சனிக்கிழமை, அதனை இடிக்கும் வேலை தொடங்கியது. ஏன் அந்த அவசரம்? 1939-ஆம் ஆண்டின் இத்தாலியச் சட்டம், 50 ஆண்டு நிறையாத கட்டடத்தைக் கலைச்செல்வமாகக் கருதிப் பாதுகாக்க இடமளிக்கவில்லை. இன்னும் சில வாரங்கள் கடந்திருந்தால் மாளிகை அந்த வயதை எட்டியிருக்கும். ஆகவே வார இறுதியில், கந்தோர்கள் பூட்டியிருந்த வேளையில், சுவர்கள் வீழ்ந்தன. எனினும் இடித்தவர்கள் எதிர்பார்த்த தொடர்மாடி அங்கே எழவேயில்லை.

அதே 1959-ஆம் ஆண்டின் ஒக்டோபர் மாதத்திலேதான் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் புதிய கட்டடம் திறந்துவைக்கப்பட்டது. ஒரு நகரம் தன் பெருமையைக் கட்டியெழுப்பிய மறுமாதம் இன்னொரு நகரம் தன் பெருமையைத் தானே இடித்தது. 1981-இல் எமது நூலகம் ஏறக்குறைய 97,000 நூல்களுடன் எரியூட்டப்பட்டதை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. பசீலே ஒலிவூத்சாப் பகுதியில் புளோறியோ குடும்பத்துக்காக அமைத்த சிறு மாளிகையும் 1962-இல் தீக்கிரையானது என்பதை மட்டும் குறிப்பிடுகின்றோம். அது பின்னர் மீட்டெடுக்கப்பட்டு இன்றும் நிற்கின்றது.

டெலியெல்லா மாளிகையின் அழிவு தனித்த ஒரு நிகழ்வன்று. அக்காலத்தை இத்தாலியர் ‘பலெர்மோவின் சூறை’ என்றே அழைக்கின்றனர். சால்வோ லீமா 1958-இல் நகரபிதாவானார். வீற்றோ சான்சிமீனோ 1959-இல் பொதுவேலைப் பொறுப்பை ஏற்றார். முன்னவர் 1992 மார்ச் மாதத்தில் மொண்டெல்லோவில் சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னவர் அதே ஆண்டில் மாபியாத் தொடர்புக்காக நீதிமன்றத்தாற் குற்றவாளியாகக் காணப்பட்டார். இவர்களது காலத்தில் வழங்கப்பட்ட ஆயிரக்கணக்கான கட்டட அனுமதிப் பத்திரங்களிற் பெரும்பகுதி, கட்டடத் தொழிலோடு தொடர்பே இல்லாத ஒரு சிலரின் பெயரில் இருந்தது. அவர்கள் முன்னே நிறுத்தப்பட்ட பெயர்கள் மாத்திரமே. தொமாசோ நத்தாலேயில் வண்டியோட்டியாக வாழ்வைத் தொடங்கிய பிரான்செஸ்கோ வசால்லோ, சில ஆண்டுகளில் நகரின் மாபெரும் கட்டடக்காரர்களில் ஒருவரானார். அவர் எழுப்பிய தொடர்மாடிகளிற் சில, பொதுப் பாடசாலைகளுக்கென அரசிடமே வாடகைக்கு விடப்பட்டன. ‘பொற்கிண்ணம்’ என்று புகழப்பட்ட சமவெளியின் தோடந்தோட்டங்களும் எலுமிச்சைத் தோட்டங்களும் சீமெந்தாயின.

புதிய நகரம் வடக்கே வளர்ந்தபோது பழைய நகரம் வெறுமையாயிற்று. 1943-இன் விமானக் குண்டுவீச்சில், குறிப்பாக மே 9-ஆம் நாள் தாக்குதலில், இடிந்த வீடுகள் இடிந்தபடியே விடப்பட்டன. 1968 தை மாதத்துப் பெலிச்சே நிலநடுக்கம் எஞ்சியவற்றையும் ஆட்டியது. 1951-இல் ஏறக்குறைய 125,000 பேர் வாழ்ந்த பழைய நகரத்தில் 1981-இல் 40,000 பேர்கூட இருக்கவில்லை. முழு நகரத்தின் குடித்தொகையோ அதே காலத்தில் ஏறக்குறைய 5 இலட்சத்திலிருந்து 7 இலட்சமாகப் பெருகியிருந்தது.

அந்த வெறுமைக்குள்தான் நாம் வந்து சேர்ந்தோம். எண்பதுகளில் எமது தாயகத்திலிருந்து துரத்தப்பட்டு இத்தீவில் இறங்கியவர்களுக்கு, அல்பெர்கெரியாவிலும் பல்லறோச் சந்தையைச் சூழ்ந்த ஒழுங்கைகளிலும் குறைந்த வாடகைக்கு அறைகள் கிடைத்தன. கூரை ஒழுகியது, படிக்கட்டில் மின்விளக்கு இல்லை, சில சுவர்களுக்கு மரத்தாலான முட்டுக்கொடுக்கப்பட்டிருந்தது. அந்த வீடுகளின் வாயில்களில் செதுக்கப்பட்டிருந்த குலச்சின்னங்கள் எவருடையவை என்று நாம் அன்று கேட்கவில்லை. எம்மில் அநேகர் பகலில் துப்புரவு செய்ததோ, இடிக்கப்பட்ட மாளிகைகளின் காணிகளில் எழுந்த தொடர்மாடிகளை. சூறையாடியவர்கள் கட்டியதைப் பகலில் துடைத்தோம். அவர்கள் கைவிட்டதில் இரவில் உறங்கினோம்.

காணி வாங்குவதும் கட்டுவதும் விற்பதுமே தொழிலாகக் கொண்ட ஒருவர் பழைமையைக் காப்பதில் முன்னிற்க முடியாதா என்று வாசகர்கள் கேட்கலாம். முடியும். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஜேம்ஸ் றவுஸ் என்ற கட்டட முதலீட்டாளர், கைவிடப்பட்டுக் கிடந்த பழைய குவின்சி சந்தையை இடிக்காமலே புதுப்பித்து 1976-இல் மக்களுக்குத் திறந்தார். பலெர்மோவின் சூறைக்காலக் கட்டடக்காரர்களுள் அத்தகைய ஒருவரை நாம் தேடிக் காணவில்லை. ஆனால் காணி உடையவர்கள் மத்தியில் ஒரு குடும்பம் உண்டு.

மர்சலா வைன் வணிகத்தால் செல்வமீட்டிய ஆங்கிலேய வழியினரான விற்றக்கர் குடும்பத்தைச் சேர்ந்த ஜோசப் விற்றக்கர், மர்சலாவுக்கு அண்மையிலுள்ள சான் பந்தலேயோ என்னும் சிறு தீவை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறு விவசாயிகளிடமிருந்து துண்டு துண்டாக வாங்கினார். எந்தக் கட்டடக்காரரும் காணி சேர்க்கும் முறை அதுவே. ஆனால் இவர் வாங்கியது கட்டுவதற்காகவன்று, தோண்டுவதற்காக. அத்தீவின் மண்ணுக்குள் பினீசியரின் மோத்சியா நகரம் புதையுண்டிருந்தது. அகழ்ந்து எடுத்தவற்றுக்கென அங்கேயே ஓர் அரும்பொருட் காட்சிச்சாலையையும் அமைத்தார். பலெர்மோவின் தந்தே வீதியில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் எழுப்பிய மல்பித்தானோ மாளிகை, விரிந்த பூங்காவுடன் நின்றது. அவர் 1936-இல் மறைந்தார்.

சூறை நடந்த ஆண்டுகளில் அம்மாளிகையில் இருந்தவர் அவருடைய மகள் டெலியா. அயலிலுள்ள தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறித் தொடர்மாடிகளான அக்காலத்தில் அந்தப் பூங்காவின் பெறுமதி என்னவாக இருந்திருக்கும் என்பதை எவரும் ஊகிக்கலாம். பூங்கா விற்கப்படவில்லை. 1971-இல் அவர் இறந்தபோது மாளிகையும் மோத்சியாத் தீவும் தந்தையின் பெயரில் அமையவிருந்த ஓர் அறநிலையத்துக்கே விடப்பட்டன. எட்டு ஆண்டுகள் கழித்து, 1979-இல், அத்தீவின் மண்ணிலிருந்து ஓர் இளைஞனின் பளிங்குச் சிலை வெளிவந்தது. கிரேக்கச் சிற்பக்கலையின் அரிய படைப்புகளுள் ஒன்றாக இன்று உலகம் அதைப் போற்றுகின்றது. தீவு துண்டுகளாக விற்கப்பட்டு விடுமுறை வீடுகளாகியிருந்தால் அந்த இளைஞன் எந்த அத்திவாரத்தின் கீழ்ப் போயிருப்பானோ!

ஆயினும் ஒரு செல்வக் குடும்பத்தின் மனவுறுதி ஒரு பூங்காவைக் காக்கலாம். நகரைக் காக்க மாநகரசபை வேண்டும். 1985-இல் முதன்முறையாக நகரபிதாவான லெயோலூக்கா ஒர்லாண்டோவின் காலத்தில், பழைய நகரத்துக்கான திட்டத்தை வரையும் பொறுப்பு லெயோனார்தோ பெனெவோலோ, பியர் லூயிஜி செர்வெல்லாத்தி, இத்தாலோ இன்சொலேறா என்னும் மூவரிடம் ஒப்படைக்கப்பட்டது. திட்டம் 1993-இல் அங்கீகாரம் பெற்றது. அதன் அடிப்படை எளியது: இருப்பதை இடிக்காதே, திருத்து, வீழ்ந்ததைப் பழைய வடிவிலேயே எழுப்பு. அதே ஆண்டின் 25-ஆம் இலக்கச் சிசிலிப் பிராந்தியச் சட்டம், வீட்டைத் திருத்தும் தனியாருக்கு அரச உதவிப்பணம் வழங்க வழிவகுத்தது. வீட்டுச் சொந்தக்காரருக்கு இடிப்பதிலும் பார்க்கத் திருத்துவதில் இலாபம் தெரியத் தொடங்கியது அப்போதுதான் என்பது எமது கருத்து.

1992-இல் நீதிபதிகள் பல்கோனேயும் போர்செல்லீனோவும் கொல்லப்பட்ட பின்னர் இந்நகரத்து மக்களின் மனம் மாறியதை நாம் நேரிற் கண்டோம். கல்சாப் பகுதியிலுள்ள ஸ்பாசிமோ தேவாலயம் 1509-இல் தொடங்கப்பட்டு ஒருபோதும் முடிக்கப்படாதது. பின்னாளில் வைத்தியசாலையாகவும் களஞ்சியமாகவும் இருந்தது. குப்பைகள் அகற்றப்பட்டு 1995-இல் அது கூரையில்லாமலே இசைக்கும் நாடகத்துக்கும் திறக்கப்பட்டது. 1974-இல் திருத்த வேலைக்கென மூடப்பட்ட மாசிமோ அரங்கு, 23 ஆண்டுகளின் பின் 1997 மே மாதத்தில் மீண்டும் விளக்கேற்றியது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் பாடசாலைகள் ஒவ்வொன்றும் ஒரு நினைவுச்சின்னத்தைத் தத்தெடுத்தன. அதன் வரலாற்றைப் பிள்ளைகளே கற்று, வருவோருக்கு விளக்கினார்கள்.

அண்மைக் காலத்தில் பெருஞ்செல்வரும் இதில் இறங்கியுள்ளனர். மிலான் நகரிலிருந்து வந்த மாசிமோ வல்செக்கியும் அவரது துணைவியாரும் கடலை நோக்கிய பூத்தேரா மாளிகையை வாங்கித் திருத்தினர். 2018-இல் நடைபெற்ற மனிபெஸ்தா கலைவிழாவுக்கு அது திறக்கப்பட்டது. போற்றத்தக்க செயல். 2015-இல் அராபிய நோர்மானியக் கட்டடங்களை யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்ததும் பெருமைக்குரியதே. ஆனால் அதன் பின்னர் பழைய நகரத்தின் ஒழுங்கைகளில் வீட்டு வாயில்களை நோக்குவோர் ஒன்றைக் கவனித்திருப்பர்: சாவிகள் வைக்கும் சிறு இரும்புப் பெட்டிகள். இரண்டு இரவுக்கு வந்து போகும் உல்லாசப் பயணிகளுக்கான வீடுகள் அவை. வாடகையும் ஏறியது.

இத்திட்டத்தை வரைந்த மூவருள் ஒருவரான செர்வெல்லாத்தி, எழுபதுகளில் பொலொஞ்ஞா நகரின் பழைய பகுதியைக் காக்கும் திட்டத்தில் முன்னின்றவர். வீடுகளோடு அவற்றில் வாழும் எளிய மக்களும் அங்கேயே நிலைக்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் கொள்கை. கல்லை மட்டும் காத்து மனிதரை வெளியேற்றுவதை அவர்கள் பாதுகாப்பு என்று கொள்ளவில்லை. பலெர்மோவின் திட்டத்தைப் பற்றிப் பேசுவோர் முகப்புகளைப் பற்றியும் பல்கணிகளைப் பற்றியும் நிறையப் பேசுகின்றனர். இந்தக் கொள்கையைப் பற்றிக் குறைவாகவே பேசுகின்றனர். முப்பது ஆண்டுகளாக அந்த அறைகளில் அடுப்பெரித்து, ஒழுகிய கூரைக்கு ஓடு மாற்றி, படிக்கட்டுக்கு விளக்குப் போட்டவர்களின் பெயர் எந்தத் திட்டத்திலும் இல்லை.

அல்பெர்கெரியாவில் நாம் நன்கறிந்த ஒரு குடும்பம் இருபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்த வீட்டை விட்டுச் சென்ற ஆண்டு வெளியேறியது. சொந்தக்காரர் வீட்டைத் திருத்தப் போவதாக அறிவித்திருந்தார். இப்போது முகப்பு மஞ்சள் வர்ணத்தில் அழகாக இருக்கின்றது, குலச்சின்னமும் துப்புரவாக்கப்பட்டுள்ளது. அவ்வீட்டு மூத்த மகள் பாடசாலையில் படித்த காலத்தில், அதே ஒழுங்கையின் தேவாலயத்தைப் பற்றி வருவோருக்கு இத்தாலிய மொழியில் விளக்கிய மாணவிகளுள் ஒருத்தி. அவர்கள் இன்று வசிப்பது நகரின் புறத்தே, அறுபதுகளில் தோடந்தோட்டமொன்றை அழித்துக் கட்டப்பட்ட ஒரு தொடர்மாடியில். ஞாயிற்றுக்கிழமைகளில் புனித ரொசாலியாவின் குகைக்குப் பெலெகிறீனோ மலை ஏறும்போது, கீழே தெரியும் பழைய நகரத்தில் தங்கள் பழைய கூரை எது என்று தாயார் இளைய பிள்ளைகளுக்குக் காட்டுகின்றார்.