சாம்பல் மேட்டில் எரிந்தது என்ன?

பெல்லாரியிலிருந்து ஹொஸ்பேட்டை போகும் வழியில் குடதினி என்ற ஊரருகே ஒரு சாம்பல் மேடு இருக்கிறது. உருகி இறுகிய கசடும் வெளிறிய சாம்பலும் மாறி மாறிப் படிந்த மேடு. கர்நாடகம், தெலங்கானா, ஆந்திரப் பகுதிகளில் இப்படிப்பட்டவை நூற்றுக்கும் மேல் உண்டு. இங்கே எரிந்தது என்ன, எரித்தவர்கள் யார்? இதற்கு யார் எந்த ஆதாரத்தை வைத்து விடை சொன்னார்கள் என்று பழைய ஆய்விதழ்களில் தேடினேன்.

முதல் தடயம் 1836-ஆம் ஆண்டுக்குரியது. மதராஸ் படை அதிகாரி நியூபோல்ட், வங்காள ஆசியக் கழக இதழில் எழுதிய சிறு குறிப்பு. எரிமலைக் கசடு என்கிறது அதன் தலைப்பு. 1843-இல் லண்டன் ராயல் ஆசியக் கழக இதழில் அவரே எழுதிய கட்டுரையில் எரிமலை மறைந்து, பழங்கால மேடுகள் என்ற பேச்சு வந்துவிடுகிறது. பீமன் கொன்ற இடும்பனை எரித்த இடம் இது என்று ஊரார் சொன்னதும் அதில் பதிவாகியிருக்கிறது. 1899-இல் ராபர்ட் சீவெல் இந்த மேடுகளை விஜயநகரக் காலத்தோடு இணைத்தார். உலைக் கசடு என்று கருதியவர்களும் உண்டு.

சரியான துப்பு ராபர்ட் புரூஸ் ஃபுட்டிடம் கிடைத்தது. 1863-இல் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அதே நிலவியலாளர்தான். மேடுகளின் அருகே புதிய கற்காலக் கோடரிகளைப் பார்த்த அவர், எரிந்தது மாட்டுச் சாணம் என்ற முடிவுக்கு வந்தார். அவர் திரட்டிய கருவிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆனாலும் சர்ச்சை ஓயவில்லை. கோடரி காலத்தைச் சொல்லும். எரிந்த பொருள் எது என்று சொல்லாது. அதை மேட்டின் மண்ணிடம்தான் கேட்க வேண்டும்.

1957-இல் தொல்லியலாளர் ரேமண்ட் ஆல்சின் உட்னூர் சாம்பல் மேட்டை அகழ்ந்தபோது அந்த மண் பேசியது. தொழுவத்தைச் சுற்றி நட்ட மரக்கம்பங்களின் குழிகளும், மாடுகளின் குளம்புத் தடங்களும் வெளிப்பட்டன. குடதினி மாதிரிகளை லண்டனில் ஆராய்ந்த ஃபிரெடரிக் சாய்னர், அது சாணம் எரிந்த சாம்பலே என்று 1960-இல் எழுதினார். புல்லில் சிலிக்கா நிறைய உண்டு. தனியாக இருந்தால் அது உருக ஏறத்தாழ 1,700 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. சாம்பலின் காரஉப்புகள் கலந்தால் அதைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே இளகிக் கண்ணாடியாகிவிடும். நியூபோல்டை எரிமலை என்று எண்ணவைத்த கசடு இப்படி உருவானதுதான்.

இன்றைய மண் நுண்ணமைப்பியல் இன்னும் நெருங்கிப் பார்க்கிறது. அடுக்கு கலையாமல் ஒரு கட்டி மண்ணை வெட்டியெடுத்து, பிசின் ஊற்றி இறுக்கி, 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியின் கீழ் வைக்கிறார்கள். மேய்ச்சல் விலங்குகளின் குடலில் உருவாகும் சுண்ணாம்பு உருண்மணிகள் அதில் தெரிந்தால் அது சாணம். அதிகச் சூட்டில் அவை அழிந்துவிடும் என்பதால், எஞ்சியவை தீயின் அளவையும் உணர்த்தும். புல்லின் சிலிக்கா துகள்கள் மாடு எதைத் தின்றது என்று காட்டும். மிதிபட்ட அடுக்கு மெல்லிய தகடுகளாக இறுகியிருக்கும்; வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டியது தாறுமாறாகக் கிடக்கும். எனவே ஒரே துண்டு மண், அந்த இடம் தொழுவமா குப்பைமேடா என்பதையும் பிரித்துக் காட்டும்.

புதிஹாள் சாம்பல் மேட்டில் தொல்லியலாளர் கே. பத்தய்யா நடத்திய அகழாய்வு, தொழுவத்தோடு குடியிருப்பையும் வெளிக்கொணர்ந்தது. பொ.ஆ.மு. 3000-ஐ ஒட்டித் தொடங்கிய ஓர் ஆயர் வாழ்க்கையை இன்று நாம் அறிவது இத்தகைய மேடுகளில் சேர்ந்த சாணத்தாலும் சாம்பலாலும்தான்.

ஏடுகளைப் புரட்டியபோது எனக்கு உறுதியானது இதுதான். யார் என்ன நினைத்தார்கள் என்பதைக் காகிதம் காத்தது. அங்கே என்ன நடந்தது என்பதை மண் காத்தது. ஆனால் காகிதத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு மண்ணுக்குக் கிடைக்கவில்லை. கோடரிகள் அருங்காட்சியகத்துக்குப் போயின. அவை கிடந்த மண் பெரும்பாலும் குழியோரம் கொட்டப்பட்டது. சாம்பல் நல்ல உரம் என்பதால் மேடுகள் வயலுக்கு அள்ளப்படுகின்றன. உழவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மேட்டின் அருமையை அவர்களிடம் எடுத்துச் சொல்வது நம் பொறுப்பு. ஒவ்வொரு அகழாய்விலும், பானை ஓட்டுக்கு எண்ணிடுவதுபோல, மண் கட்டிக்கும் அடுக்கும் ஆழமும் குறித்து எண்ணிட்டுச் சேமிக்க வேண்டும். நாளைய ஆய்வாளர் கேட்கப்போகும் கேள்விகளுக்கு அந்தக் கட்டிகளே ஆவணம்.