குற்றாலத்துக் குரங்கும் போலியோவின் சட்டையும்

இந்த முறை கொஞ்சம் கிருமியின் சரித்திரம். நான் டாக்டர் அல்ல, ஓய்வு பெற்ற குமாஸ்தா. படித்துப் புரிந்துகொண்டதை நம் வயதுக்காரர்களுக்காக எழுதுகிறேன்.

இளம்பிள்ளை வாதம் என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெருவுக்கு ஒரு பிள்ளையாவது கால் சூம்பிப்போய் இருந்த காலத்தில் வளர்ந்தவர்கள் நாம். தென்காசியில் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவருக்கு ஒன்றரை வயதில் வந்த காய்ச்சலோடு இடது கால் போய்விட்டது. தொடையைக் கையால் அழுத்திக்கொண்டுதான் மாடிப்படி ஏறுவார். ஒரு நாள் கேட்டார்: "வாய் வழியாப் போற கிருமின்னு சொல்லுதாங்க. அப்போ வயித்துலதான இருக்கணும்? ஏன் சார் என் காலைப் போய்ப் பிடிச்சுது? எங்க வீட்ல மாடு இருந்துச்சு, நாய் இருந்துச்சு. அதுக்கெல்லாம் ஏன் வரல?"

கேள்வி இரண்டானாலும் இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருந்துதான் தொடங்குகிறது. அது அந்த வைரஸ் போட்டிருக்கும் சட்டை.

போலியோ வைரஸில் இரண்டே சமாச்சாரம். உள்ளே ஆர்.என்.ஏ. என்ற மரபு இழை; வெளியே அதை மூடிய புரத உறை. நான்கு வகைப் புரதங்கள், வகைக்கு 60 வீதம் சேர்ந்து அந்த உறையைக் கட்டுகின்றன. இதற்கு உலகம் முழுவதும் வழங்கும் 'கேப்சிட்' என்ற பெயர் பிரெஞ்சுக்காரர்கள் வைத்தது. காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் பெருமை! 1959இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் ஆந்த்ரே லுவோஃப், பிரான்சுவா ஜாக்கோப் ஆகியோர், அமெரிக்கரான தாமஸ் ஆண்டர்சனுடன் சேர்ந்து வைத்த பெயர். லத்தீனில் 'காப்ஸா' என்றால் பெட்டி. நாம் விழுங்கும் காப்ஸ்யூலும் அதே குடும்பம்தான்.

இந்தக் கிருமி ஆள் பார்த்துத்தான் பிடிக்கும் என்பது அதற்கு 50 வருஷம் முன்பே தெரிந்துவிட்டது. 1908இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனரும் எர்வின் பாப்பரும், இந்நோயால் இறந்த ஒரு சிறுவனின் தண்டுவடத்தை அரைத்து முயல், எலி, கினிப்பன்றிகளுக்குச் செலுத்தினார்கள். ஒன்றும் ஆகவில்லை. குரங்குகளுக்குச் செலுத்தியபோதுதான் நோய் வந்தது.

அன்றிலிருந்து போலியோ ஆராய்ச்சி என்றாலே குரங்கு என்றாகிவிட்டது. ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி 1955இல் வந்தது. அதற்கான வைரஸை வளர்த்தது குரங்கின் சிறுநீரக செல்களில். வட இந்தியாவிலிருந்து ரீசஸ் குரங்குகள் லட்சக்கணக்கில் பிடிக்கப்பட்டு விமானம் ஏறின. 1978இல்தான் நம் அரசு அந்த ஏற்றுமதியை அடியோடு நிறுத்தியது. உலகத்துப் பிள்ளைகள் நடக்க நம் நாட்டுக் குரங்குகள் கொடுத்த விலை கொஞ்சமல்ல.

குற்றாலத்தில் நம் கையிலிருந்து வாழைப்பழத்தைப் பிடுங்குகிறதே, தலையில் குல்லாய் வைத்தாற்போல் முடி உள்ள நாட்டுக் குரங்கு, அதுவும் இந்தச் சரித்திரத்தில் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் ஜான் குழுவினர் 1990களில் அதே இனக் குரங்கை வைத்துப் போலியோவை ஆராய்ந்தார்கள்.

சரி, முயலுக்கு ஏன் வரவில்லை? இதற்கும் 1959இல்தான் விடை கிடைத்தது. அமெரிக்காவில் ஜான் ஹாலந்தும் சகாக்களும் வைரஸின் சட்டையைக் கழற்றிவிட்டு, உள்ளே இருந்த ஆர்.என்.ஏ.வை மட்டும் முயல் செல்லுக்குள் செலுத்தினார்கள். முயல் செல் புது வைரஸ்களை உண்டாக்கிக் கொடுத்துவிட்டது! ஆனால் அப்படிப் பிறந்தவை மறுபடி சட்டையோடு இருந்ததால், பக்கத்து முயல் செல்லுக்குள் நுழைய முடியவில்லை. ஆக, உள்ளே போய்விட்டால் பெருகுவதற்குத் தடையில்லை. யார் வீட்டுக்குள் போகலாம் என்பதை முடிவு செய்வது சட்டைதான்.

சட்டை சாவி என்றால் பூட்டு எது? 1989இல் நியூயார்க்கில் வின்சென்ட் ரகனியெல்லோவின் ஆய்வுக்கூடம் மனித செல்லின் மேலிருக்கும் ஒரு புரதத்தை அடையாளம் கண்டது. அந்தப் புரதத்துக்கான மரபணுவை எலிக்குக் கொடுத்ததும், எலிக்கும் வாதம் வந்தது. பிற்பாடு தடுப்பு மருந்துச் சோதனைகளில் குரங்குக்குப் பதிலாக அத்தகைய எலிகளைப் பயன்படுத்த உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்டது.

நண்பரின் கால் விஷயத்துக்கு வருவோம். அந்தப் பூட்டு, தசைகளுக்கு உத்தரவு அனுப்பும் தண்டுவட நரம்பு செல்களிலும் உண்டு. குடலில் பெருகும் வைரஸ் அங்கே போய்ச் சேர்ந்தால் அந்த செல்கள் அழிகின்றன. காலில் ஒரு பழுதும் இல்லை. மேலிடத்து உத்தரவு வராத கிளை அலுவலகம் போல அது முடங்கி, மெலிந்துபோகிறது. பூட்டு மட்டும் இருந்தால் போதாது என்பதும் உண்மை. கிருமி தொற்றியவர்களில் சுமார் 200 பேருக்கு ஒருவருக்குத்தான் நிரந்தர வாதம் வருகிறது.

இவ்வளவு கறாராக ஆள் பார்த்துப் பிடிப்பதே போலியோவின் பலவீனம். வெறிநாய்க்கடி வைரஸ் நாய், நரி, வௌவால் என்று எதிலும் குடியிருக்கும். போலியோவுக்கு நிரந்தரக் குடியிருப்பு மனிதன் மட்டும்தான். குரங்குக்கு நோய் வரலாமே தவிர, காட்டில் குரங்குக் கூட்டத்தை நம்பி அது காலம் தள்ள முடியாது. மனிதர்களிடம் கதவை அடைத்தால் போக்கிடம் இல்லை. தடுப்பு மருந்து செய்வது அதைத்தான். சட்டையின் அடையாளத்தை உடம்புக்குக் காட்டிவைக்கிறது. அசல் கிருமி வந்தால் எதிர்ப்புப் பொருட்கள் அந்தச் சட்டையில் ஒட்டிக்கொண்டு, பூட்டில் பொருந்த விடுவதில்லை.

மேலை நாடுகளில் மூன்று தவணை போதுமானதாக இருந்த சொட்டு மருந்து, நம் பிள்ளைகளின் குடலில் அந்த அளவு பலிக்கவில்லை என்று எடுத்துக்காட்டியவர் அதே ஜேக்கப் ஜான். நம் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருந்தது. 1995இல் நாடு முழுவதும் தொடங்கிய முகாம்கள் நினைவிருக்கும். தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஐஸ் பெட்டியும் கையுமாக நின்றவர்களையும், பிள்ளைகளின் சுண்டுவிரலில் வைத்த மையையும் மறக்க முடியுமா? மூன்று வகை இயற்கைப் போலியோ வைரஸில் இரண்டாம் வகையின் கடைசி நோயாளி, உலகத்துக்கே கடைசி, 1999இல் அலிகாரில். இயற்கை வைரஸால் வந்த போலியோவில் இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். 2014 மார்ச் 27இல் நமக்குச் சான்றிதழ் கிடைத்தது.

"அதான் போலியோ போயிடுச்சே, இன்னும் எதுக்குச் சொட்டு மருந்து?" என்று இளம் பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் முதல் வகை இன்னும் இருக்கிறது. அது தன் சட்டையை மாற்றிக்கொள்ளவில்லை. நம் பேரப்பிள்ளைகளும் அதே பூட்டோடுதான் பிறக்கிறார்கள். முகாம் தேதி வந்தால், மகனோ மருமகளோ மறந்தாலும், நாம் தூக்கிக்கொண்டு போவோம்.