உலக சாதனைகள் எப்படி உருவாகின்றன? – உடல், உழைப்பு, கருவி, நேர்மை

சில வாரங்களுக்கு முன் ஜுமுஆ தொழுகை முடிந்ததும் ஒரு சகோதரர் தன் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். "ஹஜ்ரத், இவன் பயிற்சியில 100 மீட்டரை 1 நிமிடம் 12 வினாடியில நீந்துறான். போட்டியில 1 நிமிடம் 15 ஆயிடுச்சு. போட்டின்னா பயந்துடுறான். துஆ செய்யுங்க" என்றார். உடற்பயிற்சிக் கூடத்தில் ஒருவர் சிபாரிசு செய்த பவுடரை வாங்கிக் கொடுக்கலாமா என்றும் கேட்டார். பையன் தரையைப் பார்த்தபடி நின்றிருந்தான்.

பயிற்சிக் குளம் எவ்வளவு நீளம் என்று விசாரித்தேன். 25 மீட்டர். போட்டி நடந்த குளம் 50 மீட்டர். 25 மீட்டர் குளத்தில் 100 மீட்டர் நீந்துபவர் மூன்று முறை சுவரை உதைத்துத் திரும்புகிறார். 50 மீட்டர் குளத்தில் ஒரே முறைதான். சுவரை உதைத்துக் கிளம்பும் வேகம் நீந்தும் வேகத்தைவிட அதிகம் என்பதால் சிறிய குளத்தில் நேரம் எப்போதும் குறைவாகவே வரும். உலக சாதனைகளைக்கூட இந்த இரண்டு குளங்களுக்கும் தனித்தனியாகத்தான் பதிவு செய்கிறார்கள். பையன் பயப்படவில்லை. அளவுகோல் மாறியதை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தந்தைக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். விளையாட்டில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இன்று நம் வீடுகளில் பெருகி வருகிறார்கள். ஓர் உலக சாதனையில் எதற்கு எவ்வளவு பங்கு என்று தெரிந்தால், அவர்களிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதும் நமக்குப் புரியும்.

ஒரே அரங்கம், இரண்டு ஓட்டங்கள்

1936 ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ஜெஸ்ஸி ஓவன்ஸ் 100 மீட்டரை 10.3 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். இடம், பெர்லின் ஒலிம்பிக் அரங்கம். அதே அரங்கத்தில் 2009 ஆகஸ்ட் 16 அன்று ஜமைக்காவின் உசேன் போல்ட் 9.58 வினாடியில் ஓடினார். அந்த உலக சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை.

இருவருக்கும் இடையே 0.7 வினாடிக்கு மேல் வித்தியாசம். அத்தனையும் கால்களின் பலத்தால் வந்ததா? ஓவன்ஸ் ஓடியது கரித்தூள் பரப்பிய தரையில். காலை ஊன்றிக் கிளம்புவதற்குச் சிறு கரண்டியால் தரையில் குழி தோண்டிக்கொண்டார். போல்ட் ஓடியது செயற்கை ஓடுதளத்தில். தரையில் பொருத்திய கட்டைகளில் பாதத்தை வைத்து உந்திக் கிளம்பினார். மின்னணுக் கருவி நூறில் ஒரு பங்கு வினாடிவரை கணக்கிட்டது. ஆகவே அந்த வித்தியாசத்தில் மனிதனுக்கும் பங்கு உண்டு, தரைக்கும் கருவிக்கும் பங்கு உண்டு.

இறைவன் கொடுத்த உடல்

அல்லாஹ் எல்லோரையும் ஒரே வார்ப்பில் படைக்கவில்லை. போல்டின் உயரம் 1.95 மீட்டர். குறுந்தூர ஓட்டத்துக்கு இவ்வளவு உயரம் ஆகாது என்றுதான் பலரும் எண்ணியிருந்தார்கள். உயரமானவர் கிளம்பும்போது சற்றுத் தாமதப்படுவார். ஆனால் பெர்லினில் போல்ட் 100 மீட்டரை சுமார் 41 எட்டுகளில் கடந்தார். மற்ற வீரர்களுக்குப் பொதுவாக 44, 45 எட்டுகள் தேவைப்படும்.

வேகமாக ஓடுபவர் காலை மற்றவர்களைவிட வேகமாக வீசுகிறார் என்று நாம் நினைக்கிறோம். காலை வீசும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்கிறது ஆய்வு. தரையை எவ்வளவு பலமாக உதைக்கிறார் என்பதில்தான் வித்தியாசம். முழு வேகத்தில் ஓடும்போது பாதம் தரையில் இருப்பது சுமார் பத்தில் ஒரு பங்கு வினாடிதான். அந்த நொடிக்குள் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசையை இறக்க வேண்டும். இதற்கு உதவும் வேகத் தசைநார்கள் ஒருவருக்கு எவ்வளவு இருக்கின்றன என்பதில் பிறவிக்குப் பெரும் பங்கு உண்டு.

இன்னொரு செய்தி. கடைசி 20 மீட்டரில் போல்ட் உட்பட யாருமே வேகம் கூட்டுவதில்லை, எல்லோரும் தளர்கிறார்கள். குறைவாகத் தளர்பவர், முந்திச் செல்வது போல நம் கண்ணுக்குத் தெரிகிறார்.

நீச்சலுக்கு வேறு வகை உடல் வேண்டும். 28 ஒலிம்பிக் பதக்கங்கள் வென்ற மைக்கேல் ஃபெல்ப்ஸின் உயரம் 1.93 மீட்டர். இரு கைகளையும் விரித்தால் 2 மீட்டருக்குச் சற்று மேல். நீண்ட முதுகும் ஒப்பிடும்போது குட்டையான கால்களும் தண்ணீரில் அவருக்குத் துணை நின்றன. அதே உடலமைப்பு ஓட்டப் பந்தயத்துக்குப் பொருந்தாது. ஒரு துறையில் பின்தங்கும் பிள்ளைக்கு அல்லாஹ் வேறு துறையில் வாசல் வைத்திருக்கலாம்.

உழைப்பும் ஓய்வும்

உடல் இறைவனின் அருட்கொடை. அதைப் பயன்படுத்துவது மனிதனின் பொறுப்பு. தண்ணீரின் அடர்த்தி காற்றைப் போல சுமார் 800 மடங்கு. ஆகவே நீச்சலில் வெறும் பலத்தால் சாதிக்க முடியாது. தலையை எங்கே வைப்பது, கை எந்தக் கோணத்தில் நுழைவது, உடலை எப்படி நேர்க்கோட்டில் நீட்டுவது என்பதைப் பல்லாயிரம் முறை செய்து பழக வேண்டும். நீர்மட்டத்தில் எழும் அலை வீரரைப் பின்னுக்கு இழுக்கிறது. எனவே குதித்ததும், திரும்பியதும், நீருக்கடியில் டால்ஃபின் மீன்போல உடலை வளைத்து உதைத்துச் செல்கிறார்கள். இப்படி நெடுந்தூரம் போவோர் பெருகியதால், 15 மீட்டருக்குள் தலை வெளியே வந்துவிட வேண்டும் என விதி செய்தார்கள்.

பயிற்சியின் ஆழத்துக்கு ஓர் உதாரணம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதிப் போட்டியில் ஃபெல்ப்ஸின் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டது. சுவர் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு நீளத்துக்கு எத்தனை கைவீச்சு என்பது அவருக்கு மனப்பாடம். எண்ணிக்கொண்டே நீந்தி முடித்தார். 1 நிமிடம் 52.03 வினாடி, உலக சாதனை!

பொறுமைக்கு ஓர் உதாரணம், கேட்டி லெடெக்கி. 2016 ஒலிம்பிக்கில் 800 மீட்டரை 8 நிமிடம் 4.79 வினாடியில் நீந்தி உலக சாதனை படைத்தார். அதை அவரே 2025 மே மாதம் 8 நிமிடம் 4.12 வினாடியாக முன்னேற்றினார். ஒரு வினாடிக்கும் குறைவான முன்னேற்றம், அதற்கு ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள்!

ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதிதான். பெரிய போட்டி நெருங்கும்போது நீச்சல் வீரர்கள் பயிற்சித் தூரத்தைப் படிப்படியாகக் குறைத்து, உடல் களைப்பிலிருந்து மீண்டெழ விடுகிறார்கள். குறுந்தூர ஓட்டக்காரர்களும் முழு வேகத்தில் ஒருமுறை ஓடியபின் நன்றாக ஓய்வெடுத்தே அடுத்த முறை ஓடுகிறார்கள். பள்ளி, டியூஷன், ஓதல், பயிற்சி என்று ஓடிவிட்டு இரவு தூக்கத்தைக் குறைக்கும் பிள்ளைக்கு முன்னேற்றம் நின்றுபோவதில் வியப்பில்லை.

காற்று, தரை, உடை

ஓட்டக்காரரின் முதுகுக்குப் பின்னாலிருந்து வீசும் காற்று அவரைத் தள்ளிவிடும். எனவே வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் பின்காற்று இருந்தால் 100, 200 மீட்டர் ஓட்டங்களில் சாதனை செல்லாது. பெர்லினில் போல்டுக்கு இருந்தது 0.9 மீட்டர்.

உயரமான இடத்தில் காற்று அடர்த்தி குறைவு. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள மெக்சிகோ நகரில் 1968 ஒலிம்பிக் நடந்தது. அங்கே ஜிம் ஹைன்ஸ் 9.95 வினாடியில் 100 மீட்டர் ஓடினார். பாப் பீமன் 8.90 மீட்டர் நீளம் தாண்டினார். நெடுந்தூர ஓட்டக்காரர்களோ அதே காற்றில் ஆக்சிஜன் போதாமல் திணறினார்கள். ஒரே காற்று, ஒருவருக்கு உதவி, மற்றவருக்குச் சோதனை.

கருவி எல்லை மீறியது நீச்சலில்தான். 2008-ல் ஸ்பீடோ நிறுவனம் பாலியூரித்தேன் தகடுகள் பொருத்திய நீச்சலுடையை வெளியிட்டது. அது உடலை இறுக்கிப் பிடித்துத் தண்ணீரின் இழுவையைக் குறைத்தது. அடுத்த ஆண்டு முழுவதும் பாலியூரித்தேனால் ஆன உடைகள் வந்தன. அவை வீரரைச் சற்று மிதக்கவும் வைத்தன. 2009 ரோம் உலகப் போட்டியில் மட்டும் 43 உலக சாதனைகள் விழுந்தன! ஜெர்மனியின் பால் பீடர்மான் 200 மீட்டரில் ஃபெல்ப்ஸையே தோற்கடித்தார். தன் வெற்றியில் உடைக்கும் பங்கு உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை.

2010 ஜனவரி 1 முதல் அந்த உடைகளுக்குத் தடை வந்தது. பதிவான சாதனைகளை நீக்கவில்லை. ரோமில் செசர் சியலோ 100 மீட்டரை 46.91 வினாடியில் நீந்தியிருந்தார். சாதாரணத் துணி உடையில் அதை முறியடிக்க 13 ஆண்டுகள் ஆயின. 2022 ஆகஸ்டில், அதே ரோம் குளத்தில், 17 வயது ருமேனிய இளைஞர் டேவிட் பொபோவிச் 46.86 வினாடியில் நீந்தினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சீனாவின் பான் ஜான்லே அதை 46.40 ஆக்கினார். பாரிஸ் குளத்தின் ஆழம் 2.15 மீட்டர்தான். பெய்ஜிங்கில் 3 மீட்டர். ஆழம் குறைந்த குளத்தில் அலை அடித்தளத்தில் மோதித் திரும்பும், வேகம் வராது என்று பலர் குறைகூறிக்கொண்டிருந்த குளத்தில்தான் அந்தச் சாதனை நிகழ்ந்தது.

அளவில் மோசடி

அளவையிலும் நிறுவையிலும் குறைவு செய்வோரைக் கண்டிக்கத் திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயமே உண்டு, ஸூரா அல்முதஃப்ஃபிஃபீன். கடைத்தராசு மட்டுமே தராசு அல்ல. போட்டிக் கடிகாரமும் ஒரு தராசுதான்.

1988 சியோல் ஒலிம்பிக்கில் கனடாவின் பென் ஜான்சன் 9.79 வினாடியில் ஓடி உலகை வியக்க வைத்தார். மூன்றாம் நாள் பதக்கம் பறிபோனது. அவர் உடலில் ஸ்டானோசலால் என்ற ஸ்டீராய்டு இருந்தது.

அதைவிட வேதனையானது கிழக்கு ஜெர்மனியின் கதை. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் பெண்கள் நீச்சலின் 13 தங்கங்களில் 11 அந்நாட்டுக்குப் போயின. அரசே திட்டமிட்டு வீராங்கனைகளுக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து வந்தது பின்னர் வெளிப்பட்டது. அவர்களில் பலர் பருவ வயதுச் சிறுமிகள். வைட்டமின் மாத்திரை என்று சொல்லியே கொடுத்தார்கள். பெற்றோருக்குத் தெரியாது. குரல் கரகரத்தது, உடலில் ஆண்தன்மை தோன்றியது. பிற்காலத்தில் பலர் கல்லீரல் கோளாறு, கர்ப்பக் கோளாறு போன்ற துன்பங்களுக்கு ஆளானார்கள். பொறுப்பாளர்கள் மான்ஃப்ரெட் எவால்ட், மான்ஃப்ரெட் ஹொப்னர் இருவரையும் 2000-ல் நீதிமன்றம் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. இழந்த உடல்நலத்தை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரவில்லை.

பவுடர் கேட்டு வந்த தந்தைக்கு இந்தச் சம்பவத்தைத்தான் முதலில் சொன்னேன்.

நபி (ஸல்) அவர்கள் வைத்த பந்தயம்

போட்டி வைப்பதும் அதில் நீதி காப்பதும் நமக்குப் புதிதல்ல. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியதை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியிருக்கிறது. இப்னு உமர் (ரலி) அவர்களும் அந்தப் பந்தயத்தில் கலந்துகொண்டார்கள்.

அதில் இரண்டு தூரங்கள் இருந்தன. பயிற்சியால் மெலிய வைக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை, ஐந்து அல்லது ஆறு மைல். அந்தப் பயிற்சி பெறாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, சுமார் ஒரு மைல். மெலிய வைத்தல் என்றால், முதலில் நன்றாகத் தீனி கொடுத்துக் கொழுக்க வைத்து, பிறகு தீனியை அளவோடு குறைத்து, போர்வை போர்த்தி வியர்க்க வைத்து உடலை இறுக்குவது என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள்.

பயிற்சி பெற்றதையும் பெறாததையும் ஒரே கோட்டில் நிறுத்தி, பின்தங்கியதை இகழவில்லை. ஒவ்வொன்றுக்கும் அதன் நிலைக்கேற்ற தூரம். காற்றை அளப்பதும் உடையை வரையறுப்பதும் இரண்டு குளங்களுக்கு இரண்டு பட்டியல் வைப்பதும் இதே நீதியைத்தான் தேடுகின்றன.

பெற்றோர் கவனத்துக்கு

• பிள்ளையின் நேரத்தை ஒப்பிடும் முன் குளத்தின் நீளம், ஓடுதளம், காற்று, வயது ஆகியவற்றைப் பாருங்கள். வளரும் வயதில் ஓராண்டு வித்தியாசமே பெரியது.

• மற்ற பிள்ளைகளோடு ஒப்பிடுவதைவிட, அவன் சென்ற ஆண்டு எடுத்த நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

• தூக்கமும் வீட்டுச் சாப்பாடும் முதல் தேவை. பவுடர், மாத்திரை எதுவானாலும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். சில பவுடர்களில் லேபிளில் சொல்லாத பொருள்கள் கலந்திருக்கின்றன. தடை செய்யப்பட்ட பொருள் உடலில் கண்டறியப்பட்டால், தெரியாமல் சாப்பிட்டேன் என்பது மட்டும் போட்டியாளரைக் காப்பாற்றாது. கேப்ஸ்யூல் உறையின் ஜெலட்டின் ஹலாலா என்பதையும் பாருங்கள்.

• பயிற்சியாளர் பிள்ளைக்கு எதைக் கொடுத்தாலும் அது என்ன என்று கேட்பது உங்கள் உரிமை, கடமையும்கூட. பிள்ளையின் உடல் உங்களிடம் உள்ள அமானிதம்.

நபி (ஸல்) அவர்களும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் உள்ளது. முதல் முறை அன்னையவர்கள் முந்தினார்கள். பின்னொரு காலத்தில், அவர்கள் உடல் சற்றுக் கனத்திருந்தபோது மறுபடி ஓடினார்கள். இம்முறை நபி (ஸல்) அவர்கள் முந்தி, அன்றைய ஓட்டத்துக்கு இது ஈடு என்னும் கருத்தில் கூறினார்கள். அதே இருவர்தான். உடலின் நிலை மாறியதால் முடிவு மாறியது. அன்பு மாறவில்லை.

அந்தச் சகோதரரிடம் இதைச் சொல்லி முடித்தபோது அவர் மகனின் தோளில் கை வைத்து, "அடுத்த தடவை 50 மீட்டர் குளத்துலயே நேரம் எடுத்துப் பார்ப்போம்டா" என்றார். பையன் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

நம் பிள்ளைகளின் உடலுக்கு ஆரோக்கியத்தையும், உழைப்பில் பரக்கத்தையும், வெற்றி தோல்வி இரண்டிலும் நேர்மையையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.