இனம் பார்த்தா, உடல் பார்த்தா? பினாங்குத் தமிழர்களும் இரத்த அழுத்த மருந்துத் தேர்வும்

மலேசியாவில் பெரியவர்களில் பத்தில் மூவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதை 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு காட்டியது. மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே கிளினிக்கில் வரிசை பிடிக்கும் பினாங்கில், மருந்தையும் இனம் பார்த்துத் தர வேண்டுமா என்ற கேள்வி எழுவது இயல்பு. தமிழரைப் பொறுத்தவரை இனம் ஒரு நோயைத் தேடிப் பார்க்கத் தூண்டலாம். மருந்தைத் தீர்மானிக்கும் தகுதி அதற்கு இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல், தொடக்க மருந்துகளாக மூன்று வகைகளை முன்வைக்கிறது. தயசைடு வகை நீர் மாத்திரைகள் உப்பையும் நீரையும் வெளியேற்றுகின்றன. அம்லோடிபின் போன்ற கால்சியம் தடுப்பான்கள் தமனிகளைத் தளர்த்துகின்றன. பெரிண்டோபிரில் போன்ற ஏ.சி.இ. தடுப்பான்களும் லோசார்டான் போன்ற ஏ.ஆர்.பி. மருந்துகளும் இரத்தக் குழாய்களை இறுக்கும் ஆஞ்சியோடென்சினை மடக்குகின்றன.

இனம் பார்ப்பதற்கு ஆதாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2002-இல் வெளிவந்த அமெரிக்காவின் ஆல்ஹாட் ஆய்வில், கறுப்பின மக்களில், நீர் மாத்திரை எடுத்தவர்களைவிட லிசினோபிரில் என்ற ஏ.சி.இ. தடுப்பானை எடுத்தவர்களிடம் பக்கவாதம் 40 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஆனால் அந்த முடிவைத் தெற்காசியருக்கு நீட்ட இடமில்லை. இந்தியாவில் 1,981 பேரிடம் நடந்த டாப்ஸ்பின் ஆய்வு, இந்த மூன்று வகைகளை இரண்டிரண்டாகச் சேர்த்த மூன்று கூட்டு மாத்திரைகளை ஒப்பிட்டது. ஆறு மாத முடிவில் மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவு அழுத்தத்தைக் குறைத்திருந்தன. இந்திய வம்சாவளிக்கென்று தனி மருந்து எதுவும் அதில் தெரியவரவில்லை.

அப்படியானால் இங்குள்ள தமிழர் பலருக்கு ஏ.சி.இ. தடுப்பானோ ஏ.ஆர்.பி.யோ எழுதப்படுவது ஏன்? விடை இனிப்பு நீர் எனப்படும் நீரிழிவில் இருக்கிறது. அதே 2019 ஆய்வில் நீரிழிவு இந்தியரிடம் 31.4 விழுக்காடு, மலாய்க்காரரிடம் 22.2, சீனரிடம் 15.1. நீரிழிவோடு சிறுநீரில் புரதமும் கசிந்தால், சிறுநீரகத்தைக் காக்க இவ்வகை மருந்தே முதலில் வரும். அதைச் சொல்வது சிறுநீர்ப் பரிசோதனை. புரதம் கசியும் சீனருக்கும் அதே மருந்துதான். கருத்தரிக்கவிருக்கும் பெண், எந்த இனத்தவரானாலும், அதைத் தவிர்க்க வேண்டும்.

தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளைத் தைப்பூசத்தில் ஏற நேர்ந்துகொண்ட ஒரு பாட்டியை எண்ணிப் பார்ப்போம். தினமும் அம்லோடிபின் 10 மில்லிகிராம் எடுக்கிறார். மாலையில் செருப்பைக் கழற்றினால், வீங்கிய காலில் வார் அழுந்திய இடம் பள்ளமாகத் தெரிகிறது. இருதயமும் சிறுநீரகமும் நலமென்று உறுதியானால், வீக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் மருந்துதான்: தமனிகள் தளர்ந்த அளவுக்குச் சிரைகள் தளராததால் நீர் திசுவில் கசிகிறது. இதற்கு நீர் மாத்திரை கொடுத்தால் அதிகம் பயனில்லை. மாத்திரைதான் ஒன்று கூடும். அம்லோடிபினைப் பாதியாக்கி, பெரிண்டோபிரிலைச் சேர்த்தால் சிரைகளும் தளர்ந்து வீக்கம் வடியும். ஓரிரு வாரத்தில் பொட்டாசியத்தையும் கிரியேட்டினினையும் பார்க்க வேண்டும். வறட்டு இருமல் வந்தால் லோசார்டானுக்கு மாறலாம்.

இப்படிச் சேர்ப்பதற்கு வலுவான கணக்கும் உண்டு. வால்டு குழுவினர் 2009-இல் 42 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரே மருந்தின் அளவை இரட்டிப்பதைவிட வேறு வகை மருந்தொன்றைச் சேர்ப்பது ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடுதல் பலன் தந்தது. இரண்டையும் ஒரே மாத்திரையில் தந்தால், விடாமல் எடுப்போர் தொகையும் கூடுகிறது.

ஆகவே மருத்துவர் கேட்க வேண்டியவை பாட்டியின் உடலையும் அன்றாடத்தையும் சார்ந்தவை. சர்க்கரை எவ்வளவு, புரதம் கசிகிறதா, முட்டிவலிக்கு வாங்கிப் போடும் மாத்திரை அழுத்தத்தை ஏற்றுகிறதா, கால் வீக்கத்துக்குப் பயந்து எத்தனை நாள் மருந்தை விட்டார்? கடைசிக் கேள்வியை அவர் மொழியில், அதட்டாமல் கேட்க வேண்டும். அப்போதுதான் உண்மை வரும். அதை வைத்துத்தான் அடுத்த சீட்டை எழுத முடியும்.