அவசரத்துக்கு யார் விலை வைப்பது?

1936-இல் ராஜபாளையம் மில்ஸ் நிறுவப்பட்ட பின் நூற்பாலை ஊராகவே வளர்ந்த ராஜபாளையத்துக்கும், அண்டையிலிருந்த ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் வெளியூர்ப் பேச்சு என்றால் நெடுங்காலம் தொலைபேசி நிலையத்தில் பதிவுசெய்து காத்திருந்து பேசும் டிரங்க் கால்தான். இணைப்புகள் சில, கேட்போர் பலர். வரிசையை முடிவுசெய்தது கட்டணம். சாதாரண அழைப்பைப்போல் இரு மடங்கு கொடுத்தால் 'அர்ஜென்ட்', எட்டு மடங்கு கொடுத்தால் 'லைட்னிங்'. பஞ்சு விலை கேட்கும் வியாபாரிக்கு எட்டு மடங்கு ஒரு செலவுக் கணக்கு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்ல நிற்கும் நெசவாளிக்கோ அது எட்டாத தொகை. தேவையை அளக்க வேண்டிய இடத்தில் பணத்தை அளந்த ஏற்பாடு அது என்பேன்.

விலை இல்லாவிட்டால் எல்லோரும் 'அவசரம்' என்பார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் விலைக்கு மாற்று அன்றே இருந்தது. 1875-ஆம் ஆண்டின் பீட்டர்ஸ்பர்க் தந்தி உடன்படிக்கை அரசுத் தந்திக்கு முதலிடம் தந்தது. பிற்காலச் சர்வதேச விதிகள் உயிர்காப்புச் செய்திகளை எல்லாவற்றுக்கும் முன்னே வைத்தன. இன்றைய செல்பேசி வலையும் அவ்வழியே செல்கிறது. நெரிசலில் கோபுரம் பொதுச் சந்தாதாரர்களின் கைபேசிகளைக் காத்திருக்கச் சொல்லும். அவசர உதவி அழைப்புக்கும், மீட்புப் பணியாளர் சிம்மின் தனி வகுப்புக்கும் வழிவிட முடியும். அனுப்புபவரின் வாய்ச்சொல்லை இங்கே நம்ப வேண்டியதில்லை: சிம்மின் வகுப்பு முன்பே பதிவானது, அவசர எண்ணோ உதவி மையத்துக்கு மட்டுமே போகும். அதில் பஞ்சு விலை கேட்க முடியாது.