இரண்டாவது டியூப்

குளவி கொட்டிய பத்தாவது நிமிடம் உடம்பெல்லாம் தடித்துச் சிவக்கிறது. ரத்த அழுத்தம் சரிகிறது, கண் இருட்டுகிறது. தோலிலும் குடலிலும் குடியிருக்கும் மாஸ்ட் செல்கள், தங்களுக்குள் கட்டி வைத்திருந்த சரக்கையெல்லாம் ஒரே நேரத்தில் கொட்டிவிட்டன என்று அர்த்தம். கொட்டியதில் ஹிஸ்டமின் எல்லோருக்கும் தெரிந்த பெயர். கூடவே வெளியேறும் டிரிப்டேஸ் என்ற நொதியைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. இந்தக் கதை அதனுடையது.

அது பிறந்த வீடான மாஸ்ட் செல்லுக்குப் பெயர் வைத்தவர் பால் எர்லிச். 1878இல் லைப்சிக்கில் முனைவர் பட்டத்துக்காகத் திசுக்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தவர், மணிமணியாகத் துகள்கள் அடைத்த செல்களைக் கண்டார். நன்றாகத் தின்று கொழுத்தவை என்று நினைத்து, கொழுக்க வைப்பதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லால் அவற்றை அழைத்தார். கணிப்பு தவறு. துகள்களில் இருந்தது தின்ற தீனியல்ல, செல்லே தயாரித்த சரக்கு. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. அந்தச் சரக்கிலிருந்து டிரிப்டேஸைப் பிரித்தெடுத்து லாரன்ஸ் ஷ்வார்ட்ஸ் குழு விவரித்தது 1981இல். ரத்தத்தில் அதன் அளவு என்ன சொல்லும் என்பது 1987இல் தெரிந்தது.

ரத்தத்தில் கலந்த ஹிஸ்டமின் ஒரு மணி நேரம்கூடத் தங்காது. டிரிப்டேஸ் அவ்வளவு அவசரக்காரன் இல்லை. ஒன்றிரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். பிறகு சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். அதனால் நாலு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்துவிடுவது நல்லது. முதலில் அட்ரினலின் ஊசி, அப்புறம்தான் டியூப். இதில் வரிசை மாறக் கூடாது.

டியூபில் ரத்தம் உறைகிறது. இயந்திரத்தில் சுழற்றினால் மேலே வைக்கோல் நிறத்தில் சீரம் பிரிந்து நிற்கும். டிரிப்டேஸ் சட்டென்று கெட்டுப்போகாது, வெளியூர் லேபுக்கு அனுப்பினாலும் தாங்கும். லேபிளில் தேதி மட்டும் எழுதி, ரத்தம் எடுத்த மணியை விட்டுவிட்டால்தான் வினை. எப்போது எடுத்தது என்று தெரியாத அளவை வைத்து என்ன சொல்ல முடியும்?

ரிப்போர்ட் வருகிறது: மில்லி லிட்டருக்கு 9 நானோகிராம். பக்கத்தில் அச்சிட்ட உச்ச வரம்பு 11.4. நார்மல் என்று சொல்லிக் கோப்பை மூடிவிடுவார்கள். எனக்கு ஆதங்கமே இந்த இடத்தில்தான். எல்லாம் அடங்கி 24 மணி நேரமாவது கழிந்தபின் அதே ஆளிடம் இன்னொரு டியூப் எடுத்திருந்தால், அதில் 5 என்று வந்திருக்கலாம். சாதாரண நாளின் அளவை 1.2ஆல் பெருக்கி 2 கூட்ட வேண்டும் என்பது கணக்கு. ஐந்துக்கு எட்டு. ஒன்பது அதைத் தாண்டிவிட்டது. மாஸ்ட் செல்கள் வெடித்தது உண்மைதான்.

இரண்டாவது டியூபிலும் அளவு இறங்காமல் 20க்கு மேலேயே நின்றால் விஷயம் குளவியோடு முடியாது. மாஸ்ட் செல்களே உடம்பில் பெருகிக் கிடக்கும் மாஸ்டோசைட்டோசிஸ் நோயைச் சந்தேகிப்பார்கள். எலும்பு மஜ்ஜையில் பதினைந்துக்குக் குறையாத செல்கள் கும்பல் கும்பலாக இருக்கின்றனவா, கிட் மரபணுவில் டி816வி என்ற மாற்றம் உண்டா என்று தேடுவார்கள். அதற்காக இருபதைப் பார்த்ததும் நடுங்க வேண்டாம். சிறுநீரகம் பழுதானாலும் எண் ஏறும். டிரிப்டேஸ் மரபணுவின் கூடுதல் நகல்களோடு பிறந்தவர்களுக்கு அளவு எப்போதுமே தூக்கலாகத்தான் இருக்கும். இது தெளிவானது 2016இல்தான். மறுபுறம், உணவு ஒவ்வாமையில் ஆளே சாய்ந்தாலும் டிரிப்டேஸ் பெரிதாக ஏறாமல் போவதுண்டு.

கடும் ஒவ்வாமையில் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தேறியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிஸ்சார்ஜ் சீட்டு கைக்கு வரும்போது, டிரிப்டேஸ் பார்த்தார்களா, இரண்டாவது டியூப் என்றைக்கு என்று கேளுங்கள். தேதியை அதிலேயே எழுதி வாங்குங்கள்.